இரண்டு விரலுக்கு என்ன பொருள்?

ஆனேக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடை. வந்தவர் கல்லாவைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு காபி கேட்கிறாரா, ஒரே காபியை இரண்டு தம்ளரில் ஊற்றித் தரும் 'பை-டூ' கேட்கிறாரா? கூட யார் நிற்கிறார்கள், முகம் எப்படி இருக்கிறது, நேற்று என்ன குடித்தார் என்பதையெல்லாம் கடைக்காரர் நொடியில் கூட்டிக் கழித்துவிடுவார். அப்படியும் பிடிபடாவிட்டால், "அண்ணா, பை-டூவா, ரெண்டா?" என்று கேட்டுவிடுவார்.

ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்தச் சந்தேகம் எப்போதாவது வருவதில்லை, நாளெல்லாம் வருகிறது. உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து 'வா' என்கிறோம். ஏறக்குறைய அதே கையால் 'உட்கார்' என்கிறோம். மணிக்கட்டைத் திருப்பினால் 'என்ன?', கையை விரித்தால் 'ஒன்றுமில்லை'. யாரும் உட்கார்ந்து கற்றுக்கொடுக்காமலே பெரும்பாலோருக்குப் படிந்துவிடும் இந்தப் பாடம், சிலருக்கு ஒவ்வொரு முறையும் யோசித்துப் படிக்க வேண்டிய பாடமாக இருக்கிறது.

ஆட்டிசம்: சில அடிப்படைகள்

ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு. வளர்ப்பு சரியில்லாததாலோ தடுப்பூசியாலோ வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகில் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. ஒருவருக்கு இருப்பதுபோல இன்னொருவருக்கு இருக்காது. சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் சரளமாகப் பேசுவார்கள், எதிரில் இருப்பவரின் குறிப்பு மட்டும் பிடிபடாது.

ஆட்டிசத்தைக் கண்டறியும்போது மருத்துவர்கள் பேச்சைப் போலவே கையையும் கவனிக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட அளவுகோலில் சைகையைப் பயன்படுத்துவதும் புரிந்துகொள்வதும் முக்கியமான கூறு. இந்தியாவில் ஆட்டிசத்துக்கான மாற்றுத்திறனாளி சான்றிதழ் வழங்கப் பயன்படும் 'இஸா' அளவுகோலின் 40 கேள்விகளில் சைகைக்கென்றே ஒன்று உண்டு.

நிலாவைக் காட்டும் விரல்

இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டாத வீடு நம்மிடம் குறைவு. அம்மா விரல் நீட்டுகிறாள். குழந்தை விரலைப் பார்க்கிறது. விரல் போகும் திசையில் நிலாவைப் பார்க்கிறது. திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒரே பொருளைக் கவனிக்கும் இந்தப் பழக்கத்தின் மேல்தான் பேச்சு வளர்கிறது.

பொதுவாக ஒரு வயதில் குழந்தை 'டாட்டா' காட்டும். 15 மாதத்தில் வேண்டியதை விரலால் சுட்டிக் கேட்கும். 18 மாதத்தில், தனக்கு ஒன்றும் வேண்டாமலே, 'அதைப் பாரேன்' என்று காக்கையையோ லாரியையோ காட்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரிடம் கேட்பதற்கான சுட்டலைவிட இந்தக் கடைசிச் சுட்டல் தாமதமாகிறது, அல்லது வராமலே போகிறது. பிஸ்கட் டப்பா வேண்டுமென்றால் ஒரு குழந்தை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, அவள் கையை டப்பாவின் மேல் கொண்டுபோய் வைக்கும். இன்னொரு குழந்தை உள்ளங்கையைத் தன் பக்கம் வைத்து 'டாட்டா' காட்டும். எதிரில் இருப்பவர் கையசைக்கும்போது அதன் கண்ணுக்குத் தெரிவது உள்ளங்கைதானே. கண்டதைக் கண்டபடியே அது திருப்பிச் செய்கிறது.

இவற்றில் ஒன்று இருந்தாலே ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, கற்ற சொற்கள் மறைவது ஆகியவையும் சேர்ந்திருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நாலு மொழி கேட்பதாலா?

ஆனேக்கல், கர்நாடகத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய தாலுகா. அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஓசூர். பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்கு வந்த குடும்பங்களில் வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கு, டிவியில் இந்தி. குழந்தை பேசத் தாமதித்தால், "நாலு மொழியும் காதில் விழுது, குழம்பிப்போச்சு, தானா சரியாகும்" என்று ஆறுதல் சொல்லப் பெரியவர்கள் உண்டு. அந்த ஆறுதலில் ஒன்றிரண்டு வருடம் ஓடிவிடும்.

பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது. ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சை அது மேலும் தாமதப்படுத்துவதாகவும் ஆய்வுகள் காட்டவில்லை. தாய்மொழியை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசத் தேவையில்லை. இன்னொன்றையும் யோசியுங்கள். நிலாவைச் சுட்டும் விரலுக்குத் தமிழும் கன்னடமும் கிடையாது. சொல் வராத குழந்தைகூட விரல் நீட்டும். விரலும் நீளவில்லை என்றால் காரணத்தை மொழியில் தேடிப் பயனில்லை.

கையும் சொல்லும் சேரும் நேரம்

ஆட்டிசம் உள்ளவர்கள் கையே அசைக்க மாட்டார்கள் என்பது தவறான எண்ணம். அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல், பதின்பருவத்தினரைக் கதை சொல்லவைத்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களும் மற்றவர்கள் அளவுக்கே கையசைத்தார்கள். ஆனால் கையசைவும் அதற்குரிய சொல்லும் ஒரே நேரத்தில் வந்து சேரவில்லை. தாளம் சற்றே விலகிய பாட்டைப்போல, கேட்டவர்களுக்குக் கதை தெளிவு குறைந்ததாகத் தோன்றியது.

மறுபக்கத்தைக் காட்டியது அதே ஆண்டில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு. ஒரு உருவத்தைச் சொல்லால் விவரித்துக்கொண்டே கையாலும் வரைந்து காட்டினால் மற்றவர்கள் சீக்கிரம் அடையாளம் கண்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்கோ கையசைவு சேர்ந்ததும் நேரம் கூடியது. உதவிக்கென்று நீட்டிய கை அவர்களுக்கு இன்னொரு சுமை. இரண்டும் சிலரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுகள்; எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை.

ஆனாலும் அன்றாட அனுபவத்துக்கு இவை பொருந்திவருகின்றன. எதிரில் கை ஆடிக்கொண்டே இருந்தால் சிலருக்குப் பேச்சு காதில் ஏறுவதில்லை. வேறு சிலர் எப்போது தலையாட்டுவது, எங்கே கையை வைத்துக்கொள்வது என்று ஒத்திகை பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். வீடு திரும்பும்போது களைத்துப்போகிறார்கள். ஆட்டிசம் உள்ள பிரிட்டன் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-ல் எழுதியது இங்கே நினைக்கத்தக்கது: புரியாமை இரு பக்கமும் இருக்கிறது. அவர்களுக்கு நம் கை புரியாததுபோல, நமக்கும் அவர்கள் கை புரிவதில்லை.

கையை உதறினால் தடுக்கலாமா?

மகிழ்ச்சியிலோ பதற்றத்திலோ இரண்டு கைகளையும் படபடவென்று உதறுவது, விரல்களைக் கண்முன் அசைத்துப் பார்ப்பது ஆகியவை பலரிடம் உண்டு. கல்யாண வீட்டில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று கையைப் பிடித்து அமுக்கும் பெற்றோரின் சங்கடம் புரிகிறது. ஆனால் ஆட்டிசம் உள்ள 32 பெரியவர்களிடம் பேசி 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், இந்த அசைவு தங்களை அமைதிப்படுத்துவதாகவும், அதை ஒழிக்கும் சிகிச்சை வேண்டாமென்றும் அவர்கள் கூறினார்கள்.

தன்னைக் காயப்படுத்திக்கொள்ளாத வரை கையை விட்டுவிடுங்கள். தலையில் அடித்துக்கொண்டாலோ கையைக் கடித்துக்கொண்டாலோ காதுவலி, பல்வலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சொல்லத் தெரியாத வலி இப்படியும் வெளிப்படும்.

வீட்டிலும் வகுப்பிலும் வேலையிடத்திலும்

• கையால் காட்டுவதை வாயாலும் சொல்லுங்கள். வெறுமனே கையாட்டாமல், "கண்ணா, என் பக்கத்தில் வந்து உட்காரு" என்று முழுதாகச் சொல்லுங்கள்.
• எட்ட நின்று சுட்டாமல், பொருளை விரலால் தொட்டுக் காட்டிப் பழக்குங்கள். பிறகு சிறிது சிறிதாக விரலை விலக்குங்கள்.
• ஒரு சைகைக்கு ஒரே பொருள் இருக்கட்டும். அப்பாவும் பாட்டியும் ஆசிரியரும் ஒரே மாதிரி காட்டட்டும்.
• சொல்லிவிட்டுச் சில நொடி காத்திருங்கள்.
• கையைப் பிடித்து இழுக்கும் குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள், அதுவும் கேட்பதுதான்.
• படம் காட்டிப் பேசும் அட்டையோ செயலியோ தந்தால் பேச்சு வராமல் போய்விடாது. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' செயலி தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் கிடைக்கிறது.
• தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து கைகாட்டாமல், செய்ய வேண்டியதை எழுதிக் கொடுக்கலாம்.

எங்கே போவது?

முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். கேட்காத குழந்தையும் கூப்பிட்டால் திரும்பாது. அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் 2013 முதல் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் குழுக்கள் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. அவர்கள் வரும் நாளில் உங்கள் சந்தேகத்தைச் சொல்லுங்கள். ஆனேக்கல் வாசிகளுக்கு, சந்தாபுரா வழியாகச் செல்லும் அதே ஓசூர் சாலையில்தான் பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே குழந்தைகள் மனநலத்துக்குத் தனித் துறை உண்டு. பேச்சுப் பயிற்சிக்கு மைசூருவின் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் இருக்கிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. மத்திய அரசின் நேஷனல் ட்ரஸ்ட் அமைப்பு நடத்தும் 'நிராமயா' திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு பெறலாம். பெற்றோர் மனம் தளர்ந்தால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம், கட்டணமில்லை.

காபிக் கடைக்காரர் புரியாதபோது வாயைத் திறந்து கேட்டார். வந்தவரும் கோபிக்காமல், "பை-டூதான்" என்றிருப்பார். அந்த ஒரு வரிப் பேச்சுக்கு இரண்டு பேரும் வெட்கப்படவில்லை. ஆட்டிசம் உள்ளவரோடு பேசும்போதும், விரலைத் தூக்கியவர் நாமானால் வாயையும் திறக்கலாம்.