விலைபோனவன் மேல ஏன் இவ்வளவு கோபம்?

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் தொகுத்தது)

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒருத்தரை அசிங்கப்படுத்தக் கெட்ட வார்த்தையே தேவையில்ல. 'சரியான எட்டப்பன்' என்று சொன்னால் போதும். சங்கத் தேர்தல்ல கடைசி நேரத்துல எதிரணிக்குப் போனவர், முதலாளி பக்கம் சாஞ்சு சூப்பர்வைசர் ஆன தொழிலாளி, எல்லாருக்கும் அதே பேர்தான். அந்த வார்த்தைக்குள்ள எவ்வளவு கோபம் இருக்கு, அது எங்கிருந்து வருதுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

முதல்ல வரலாறு. எட்டப்பன் என்பது ஒரு தனி ஆளோட பேர் இல்ல. எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டம். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினப்போ எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்னது. தப்பிப்போன கட்டபொம்மனைப் பிடிச்சு ஒப்படைச்சது புதுக்கோட்டைத் தொண்டைமான். அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடச் சொன்னது பானர்மேன். பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பங்கு எட்டயபுரத்துக்குப் போச்சு.

இப்ப ஒரு கேள்வி. தூக்குல போட்டவன் பேர் பானர்மேன். அந்தப் பேரைச் சொல்லி யாராவது யாரையாவது திட்டுறாங்களா? பிடிச்சுக் கொடுத்தது தொண்டைமான். அந்தப் பேரும் வசைச்சொல் ஆகல. பக்கத்துப் பாளையத்துக்காரன் பேர்தான் இருநூறு வருஷத்துக்கு மேல நிக்குது. ஏன்?

எனக்குத் தெரிஞ்சு மூணு காரணம். ஒண்ணு, எதிரிகிட்ட நாம எதையும் எதிர்பார்க்கல, அதனால ஏமாற்றமும் இல்ல. பக்கத்துல இருக்கிறவனை நம்பித்தான் நாம கதவைத் தாழ் போடாம தூங்குறோம்.

ரெண்டாவது, வாங்கின விலை என்ன என்பது. பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கக் காசு வாங்கிட்டு மாறினவனை ஊர் திட்டும், அப்புறம் மன்னிச்சிடும். ஆனா பட்டத்துக்காக, முன்வரிசை நாற்காலிக்காக மாறினவனை மன்னிக்காது. அந்தஸ்து தனியா இருக்கிற பொருள் இல்ல. ஒருத்தன் மேல போனா இன்னொருத்தன் கீழ தெரிவான். அதோட, 'உங்க மரியாதை எனக்குப் பத்தல, அவங்க மரியாதைதான் பெருசு' என்று அவன் நம்மளப் பார்த்துச் சொல்லாமச் சொல்றான். சுடுறது அதுதான்.

மூணாவது கொஞ்சம் கசப்பானது. அவன் மாறினதும், மாறாம நின்னவன் ஏமாளி ஆயிடுறான். 'நமக்கும் அப்படி ஒரு விலை வந்திருந்தா?' என்ற கேள்வி உள்ளுக்குள்ள எட்டிப் பார்க்குது. அதை அமுக்கத்தான் சத்தம் போட்டுத் திட்டுறோம்.

அப்படின்னா உயர்ந்தவங்க எல்லார் மேலயும் கோபம் வரணுமே? வரல. ராஜபாளையத்துக்காரர் பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்டார். பிறகு ஒரிசா கவர்னர். சொந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர்ல பெரியாழ்வார் கதையும் இதேதான். மதுரையில பாண்டியன் சபையில ஜெயிச்ச பொற்கிழியைக் கொண்டுவந்து கோபுரத் திருப்பணிக்குக் கொடுத்தார் என்பது ஐதீகம். வெளியில கிடைச்ச பெருமையை ஊருக்குக் கொண்டுவந்தா அது நம்ம பெருமை. ஊரைக் கொடுத்துப் பெருமை வாங்கினாத்தான் வயிறு எரியுது.

ஆனா எட்டயபுரத்துக்கும் ஒரு நியாயம் பேசணும். 1799இல் எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் ஒரே அணி இல்ல. எல்லைத் தகராறு இருந்த போட்டிப் பாளையங்கள். 'நாம எல்லாரும் ஒண்ணு, எதிரி வெள்ளைக்காரன்' என்ற எண்ணம் பரவலா வந்தது பின்னாடி. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படம் அந்தக் கதையை வீடுவீடாகக் கொண்டுபோச்சு. சேராத அணியை விட்டு ஒருத்தன் ஓட முடியாது. அதுக்காக அவர் செஞ்சது சரின்னு சொல்லல, லாபம் பார்த்துத்தான் நின்னார். ஆனா துரோகம் என்ற சொல்லுக்கு முன்னாடி ஒரு வாக்குறுதி இருந்திருக்கணும். அதே எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பையனுக்குத்தான் அந்த ஜமீன் சபையில 'பாரதி' என்ற பட்டம் கிடைச்சது என்பதையும் மறக்க வேண்டாம்.

அதனால அடுத்த தடவை 'எட்டப்பன்' என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தா, ரெண்டு கேள்வி கேட்டுப் பாருங்க. அவர் நமக்கு ஏதாவது வாக்குக் கொடுத்திருந்தாரா? அவர் உயர்ந்ததுல யாருக்காவது நஷ்டம் வந்ததா? ரெண்டுக்கும் 'ஆமா' என்றால் கோபப்படலாம், அது நியாயம். சங்கத்து ரகசியத்தை நிர்வாகத்துக்குச் சொல்லிப் பதவி வாங்கினவர் இந்த வகை. ரெண்டுக்கும் 'இல்ல' என்றால், அவர் படிச்சு மேல வந்த ஆள், அவ்வளவுதான். நமக்கு வந்திருப்பது பொறாமை. அதுக்கு எட்டப்பன் பேரைக் கடன் வாங்க வேண்டியதில்ல.