'நறுமுகையே' பாட்டில் வரும் நிலா... அது காதலர்களுடையது இல்லை!

1997-ல் வந்த 'இருவர்' படத்தின் 'நறுமுகையே' பாட்டை எத்தனை முறை ரிப்பீட்டில் கேட்டிருப்போம்! அதில் காதலர்கள் நினைத்துப் பார்க்கும் அந்த 'போன மாத நிலா' புறநானூற்றிலிருந்து எடுத்தது. ஆனா, மூலப் பாட்டில் காதலே கிடையாது. ஒரே மாதத்தில் அப்பாவையும் ஊரையும் பறிகொடுத்த பெண்களின் குரல் அது.

யார் அந்தப் பெண்கள்?

பறம்பு மலையை ஆண்ட வேள் பாரியின் மகள்கள். சிவகங்கை மாவட்டம் பிரான்மலைதான் அந்தப் பறம்பு என்கிறார்கள். புறநானூற்றின் 112-வது பாடல், 'பாரி மகளிர்' பாடியதாகவே இருக்கிறது. அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்கால மரபில் வந்தவை. ஆமா, 'சிவாஜி' படத்தில் நிறத்தை வைத்து காமெடி பண்ணினார்களே, அதே பெயர்கள்தான்.

மொத்தமே ஐந்து வரி. போன மாத நிலவில் அப்பா இருந்தார், மலை எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

என்ன நடந்தது?

மூவேந்தர்கள் சேர்ந்து பறம்பை முற்றுகையிட்டார்கள். பாரியின் நண்பரான கபிலர் அவர்களிடம், "இந்த மலையைப் பட்டினி போட்டு ஜெயிக்க முடியாது" என்ற பொருளில் பாடினார். காரணம், உழாமலே கிடைக்கும் நான்கு உணவுகள்: மூங்கில் அரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன். நாட்டின் 300 ஊர்களையும் பாரி ஏற்கெனவே கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டான் என்றும் சொன்னார். எதுவும் எடுபடவில்லை. பாரி இறந்தான். மகள்களை அழைத்துக்கொண்டு கபிலர் மலையை விட்டு இறங்கினார்.

கபிலர் எதை நினைத்து ஏங்கினார்?

நிலாப் பாட்டு எல்லாருக்கும் தெரியும். அடுத்து வரும் 113 முதல் 120 வரையிலான பாடல்களை நம்மில் பலர் படித்திருக்க மாட்டோம். கபிலர் பாடிய அந்த எட்டுப் பாட்டிலும் அரண்மனைப் பெருமையைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.

120-ல் ஒரு விவசாய வருஷமே இருக்கிறது. மழை பெய்த செம்மண்ணைப் பலமுறை உழுவது, களை எடுப்பது, வரகும் தினையும் விளைவது, எள்ளும் அவரையும் காய்ப்பது, குடிசை வீடுகளில் எல்லாரும் பகிர்ந்து உண்பது என்று வரிசையாகச் சொல்கிறார். 118-ல் பிறை நிலா மாதிரி வளைந்த கரை உள்ள ஒரு சின்னக் குளம். அது இப்போது பாழாகிறது. குளம்னா பார்த்துக்க ஆள் வேணும். அந்த ஆள்தான் இப்போ இல்லை.

116 இன்னும் வலிக்கும். பறம்பில் இருந்தபோது, போருக்கு வந்த அரசர்களின் குதிரைகளை எண்ணி விளையாடிய அதே பெண்கள், இப்போது ஒரு சின்ன வீட்டின் குப்பைமேட்டில் ஏறி, போகிற வருகிற உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள்.

அதாவது, கபிலருக்கு நாடு என்பது கொடியோ கோட்டையோ இல்லை. விதைப்பு, குளத்தங்கரை, பக்கத்து வீட்டுச் சாப்பாடு. போரில் தோற்றது ஒரு அரசன். தொலைந்தது ஒரு முழு கிராமத்து வாழ்க்கை.

அப்புறம் என்ன ஆச்சு?

விச்சிக்கோ, இருங்கோவேள் ஆகியோரிடம் அந்தப் பெண்களுக்கு மணம் பேசிப் பார்த்தார் கபிலர். நடக்கவில்லை. கடைசியில் வடக்கிருந்து உயிர்விட்டார். திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றில் இருக்கும் ஒரு பாறையை இன்றும் 'கபிலர் குன்று' என்றுதான் அழைக்கிறார்கள்.

114-வது பாடலில் ஒரு காட்சி. மலையை விட்டு வந்த கபிலர் திரும்பிப் பார்க்கிறார். இங்கே நின்றாலும் மலை தெரிகிறது. இன்னும் கொஞ்ச தூரம் போய் நின்றாலும் தெரிகிறது. பொங்கல் லீவு முடிஞ்சு சென்னை பஸ்ஸில் ஏறி, ஊர் மலையோ கோபுரமோ மறையும்வரை ஜன்னல் வழியா பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒரே வித்தியாசம், நமக்கு அடுத்த பொங்கல் இருக்கு.