பேரேட்டில் ஏறாத பளிங்கு

தைப் பொங்கல் கழிந்து வருகிற முதற் செவ்வாய்க்கிழமையன்று, சிவகங்கைக்குச் சமீபத்திலுள்ள நாட்டரசன்கோட்டையில், கண்ணுடைய நாயகியின் சந்நிதிக்கு எதிரே, எந்தெந்தத் தேசங்களிலோ வாசம் செய்கிற அவ்வூர் நகரத்தார் குடும்பங்கள் வந்து கூடி, புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு பானையாக வரிசை பிடித்துப் பொங்கலிடுகிற காட்சியைப் பார்த்தவர்கள், அந்த ஊர்த் தெருக்களில் அதையொட்டி நடக்கும் இன்னொரு விசேஷத்தையும் கவனித்திருப்பார்கள். வருஷத்தில் பெரும்பாகம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பலவற்றின் கதவுகள் அந்த ஓரிரு நாட்களுக்குத்தான் திறக்கின்றன. முகப்பைக் கூட்டுகிறார்கள், வளவில் கோலம் போடுகிறார்கள், அறைகளிலிருந்து வௌவால் வாடையை விரட்டச் சாம்பிராணி போடுகிறார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ சாவி மறுபடியும் இடுப்பில் ஏறிவிடுகிறது.

அப்படித் திறந்த வீடொன்றில், சிநேகிதர் ஒருவருக்குத் துணையாக நானும் இருந்தேன். இரண்டாங்கட்டை ஒட்டிய அறையில், பர்மாத் தேக்கினால் செய்த அலமாரி ஒன்றை அவருடைய தாயார் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே, அடுக்கடுக்காக, தூசியின் கீழும் ஒளியை விட்டுக்கொடுக்காமல், காலுள்ள கோப்பைகள், காலில்லாத கோப்பைகள், மூடியோடு கூடிய குடுவைகள், பட்டை தீட்டிய கிண்ணங்கள் என்று ஒரு கண்ணாடிக் கடையே இருந்தது.

“ரெங்கூன்ல இருந்து வந்ததுன்னு எங்க மாமியா சொல்லுவாக, தம்பி. எனக்குத் தெரிஞ்சு இதுல யாரும் தண்ணிகூடக் குடிச்சதில்லை. இவன் வித்துப்புடலாம்கிறான். மருமக ஓட்டை போட்டு விளக்குப் பண்ணலாம்கிறா. எனக்கு ஒண்ணும் ஓடலை” என்றார் ஆச்சி.

ஆச்சியின் திகைப்பு அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று எங்கே பூட்டிய அலமாரி இருக்கிறதோ அங்கெல்லாம் இந்தக் கேள்வியும் பூட்டிக் கிடக்கிறது.

இந்தப் பளிங்குக் கண்ணாடி இங்கே வந்த விருத்தாந்தத்தைச் சற்று நினைத்துக்கொள்வது நல்லது. 1869ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு ஐரோப்பாவுக்கும் கீழ்த்திசைக்கும் இடையே கப்பல் தூரம் சுருங்கியது. ஐராவதியின் முகத்துவாரத்தில் காடு வயலாக மாறி, பர்மா அரிசி உலகச் சந்தைக்குப் போயிற்று. அந்த வயல்களுக்கு முதல் கொடுத்தவர்கள் செட்டிநாட்டிலிருந்து கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் என்கிற செட்டியார்கள். பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு 1930ஐ ஒட்டிக் கணக்கெடுத்தபோது அந்நாட்டில் அவர்களுக்கு 1,600க்கு மேற்பட்ட வட்டிக்கடைகள் இருந்தன. புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். அந்த லாபத்தில் கட்டிய வீடுகளுக்குத் தேக்கு பர்மாவிலிருந்தும், சலவைக்கல் இத்தாலியிலிருந்தும், ஆளுயர நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்தும், இரும்புத் தூண் இங்கிலாந்திலிருந்தும் வந்தன. மங்குச் சாமான்களுக்கும் சரவிளக்குகளுக்கும் நடுவில் வைக்கோல் சுற்றிய மரப்பெட்டிகளில் இந்தக் கோப்பைகளும் வந்து இறங்கின.

பிறகு நடந்ததை நாடறியும். 1930க்குப் பின் நெல் விலை சரிந்து, கடனுக்கு ஈடாக நிலங்கள் கைக்கு வந்து, அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்களின் பேரில் நின்றது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. 1948ல் சுதந்திர பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் செய்தது. 1960களில் வியாபாரமும் போயிற்று. உடைந்துவிடுமே என்று பயந்து பயந்து கொண்டுவந்த கண்ணாடி முழுசாக இருக்க, உடையவே உடையாது என்று நம்பியிருந்த பூமி கைநழுவிப் போன விசித்திரத்தை, அந்த அலமாரியின் முன்னே நின்ற எவரும் நினைக்காமல் இருக்க முடியாது.

இதில் வேறொரு விசித்திரமும் உண்டு. இந்தக் கோப்பைகளில் மிகுதியானவை எதற்காகச் செய்யப்பட்டவை என்று பார்த்தால், மதுபானத்திற்கு. ஒவ்வொரு வகை மதுவுக்கும் ஒவ்வொரு வடிவமாக ஐரோப்பியர் வகுத்து வைத்த கோப்பைகளை, திருநீறும் உருத்திராக்கமுமாகச் சைவம் காத்த குடும்பங்கள் டஜன் டஜனாக வாங்கி வைத்தன! துரைமார் விருந்துக்கு வந்தால் வேண்டும் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். கல்யாணத்தில் சாமான் பரப்பும்போது பார்ப்பவர் கண்ணை நிறைக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணமாக இருக்கலாம். எப்படியாயினும், உபயோகிக்காமல் வைத்திருப்பதே இவற்றின் உபயோகமாக ஆதியிலேயே இருந்தது. ஆகையால், ‘முன்னோர் புழங்கிய பொருள்’ என்று சொல்லிக் கண்ணீர் விடுகிறவர்களோடு நான் முழுக்க உடன்பட மாட்டேன். அவர்கள் புழங்கவில்லை, வைத்திருந்தார்கள்.

நல்லது, விற்பதா என்று யோசிக்குமுன் கையில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டாமா? செட்டிநாட்டில் பழைய கண்ணாடி எதைக் கண்டாலும் ‘பெல்ஜியம்’ என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. பெல்ஜியத்தில் லியேஜ் நகரை அடுத்து 1826ல் தொடங்கிய வால் சான் லாம்பேர் என்ற பளிங்குச் சாலை உலகெங்கும் சரக்கு அனுப்பியது உண்மைதான். ஆனால் பொஹீமியாவிலிருந்து, அதாவது இன்றைய செக் நாட்டிலிருந்து, வந்த கண்ணாடியும் உண்டு. பிரான்சின் பக்கராவும் உண்டு. பர்மிங்ஹாமின் ஆஸ்லர் கம்பெனியோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கல்கத்தாவில் கடை வைத்து ராஜாக்களுக்குப் பளிங்கு நாற்காலி வரை விற்றது.

பளிங்கு என்று இங்கே நாம் சொல்வது, கண்ணாடிக் குழம்பில் ஈய ஆக்சைடு கலந்து செய்தது. 1674ல் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராப்ட் என்ற ஆங்கிலேயர் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஈயம் சேர்ந்தால் கண்ணாடி கனக்கும், மிருதுவாகிச் சாணைக்கு இசையும், ஒளியை வானவில்லாகப் பிரிக்கும். விளிம்பை விரலால் சுண்டினால் வெறுங் கண்ணாடி ‘டக்’கென்று அடங்கிவிட, இது கோவில் மணியின் கடைசி அலைபோல நீண்டு ஒலிக்கும். சாணை பிடித்த பட்டையின் ஓரம் விரலில் உறுத்தும். அச்சில் அழுத்தி வார்த்ததாயின் ஓரம் மழுங்கியிருப்பதோடு, அச்சின் இணைப்புக் கோடும் எங்கேயாவது ஓடும். ‘செக்கோஸ்லோவாகியா’ என்று அடியில் எழுதியிருந்தால் அது 1918க்குப் பிற்பட்டது. ஏனெனில் அதற்கு முன் அப்படியொரு தேசமே இல்லை.

முத்திரை விஷயத்தில் ஒரு முக்கியமான சங்கதி. பக்கராச் சாலையார் தங்கள் கோப்பைகளில் அமிலத்தால் பொறித்த முத்திரையை ஒழுங்காக இடத் தொடங்கியது 1936ல்தான். அதற்கு முன் பெரும்பாலும் காகிதச் சீட்டு ஒட்டியே அனுப்பினார்கள். கழுவினால் சீட்டு போய்விடும். செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை அதற்கு முந்திய காலத்தவை என்பதை நினைத்துப் பாருங்கள். ‘முத்திரை இல்லை ஆச்சி, சாதாரணக் கண்ணாடி’ என்று ஒரு வியாபாரி விலையைப் பாதியாக்கினால், அந்தப் பேச்சில் மயங்க வேண்டியதில்லை.

பழஞ்சாமான் கடைகள் நிறைந்த காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் நடந்து பார்த்தவர்களுக்கு, பங்காளிகளுக்குள் ஒத்துவராத வீடுகள் எப்படி முடிகின்றன என்பது விளங்கும். கதவு நிலையும், தூணும், மங்குத் தூக்கும், ரவிவர்மா படமும், கல்யாணப் பெட்டகமும், ஒரே விளக்கின் பாதித் தொங்கட்டான்களும் அங்கே வாசலில் வெயில் காய்கின்றன. அந்த வியாபாரிகளை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் பல சாமான்கள் எடைக்குப் போயிருக்கும். பளிங்குக்கு எடைக் கடையில்கூடக் கதியில்லை, ஈயம் கலந்திருப்பதால் பாட்டில் கண்ணாடியோடு சேர்த்து உருக்க முடியாது. குறை நம்மிடத்தில்தான். பன்னிரண்டில் இரண்டை அத்தை மகளுக்கும், மூன்றைச் சிநேகிதருக்கும் கொடுத்துவிட்டு மீதி ஏழு கோப்பைகளை விற்கப் போகிறோம். ஒத்த கோப்பைகள் முழுத் தொகுதியாக இருக்கையில் உள்ள விலை வேறு, உதிரியில் உள்ள விலை வேறு.

விலையைப் பற்றியும் பெரிய கற்பனை வேண்டாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பாட்டிமார் விட்டுப்போன பளிங்கைப் பேரப்பிள்ளைகள் வேண்டாம் என்கிற காலம் இது. அயர்லாந்தின் பேர்பெற்ற வாட்டர்போர்டு பளிங்குச் சாலையே 2009 ஜனவரியில் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போய் உலையை அணைத்தது. வெளிநாட்டுக்கு அனுப்பி விற்கலாம் என்றால் சட்டம் குறுக்கே நிற்கும். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷத்திற்குக் குறையாத கைவினைப் பொருளும், கட்டிடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பொருளும் தொல்பொருளே. அவற்றைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது, உள்நாட்டில் வியாபாரம் செய்வதற்கும் உரிமம் வேண்டும். 1920க்கு முன் வந்த சரவிளக்கைக் கழற்றி லண்டன் மருமகனுக்கு அனுப்ப நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை படித்துக்கொள்வது க்ஷேமம்.

சரி, மருமகளின் யோசனைக்கு வருவோம். கோப்பையில் ஓட்டை போட்டு மின்விளக்காக்குவதும், சரவிளக்கின் துளிகளைக் கோத்துக் கழுத்து மாலையாக்குவதும் நாகரிகமென்று இப்போது பரவியிருக்கின்றன. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாத எந்தக் காரியத்தையும் செய்யக் கூடாது என்பேன். குடுவையில் ஒரு தாமரை மொட்டை நிறுத்துங்கள், வேண்டாதபோது எடுத்துவிடலாம். நவராத்திரியில் தாம்பூலத் தட்டின் அருகே கிண்ணத்தில் சந்தனம் வையுங்கள். வெயில் நாளில் நன்னாரி சர்பத்தை ஊற்றி வருகிறவர்களுக்குக் கொடுங்கள். சற்று நேரம் ஊற்றிக் குடிப்பதில் பெரியவர்களுக்குப் பாதகமில்லை. ஆனால் ஊறுகாயையோ எலுமிச்சம் சாற்றையோ அதில் ஊற்றி நாள்கணக்கில் வைத்தால், புளிப்பு ஈயத்தைக் கரைத்து இழுக்கும். பளிங்குக் குடுவையில் தங்கிய மதுவில் ஈயம் ஏறுவதை ஆராய்ந்து 1991ல் ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகையிலேயே எழுதியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் கொடுக்கவே வேண்டாம். கொதிக்கிற காப்பியை ஊற்றினால் கோப்பை விரிந்துவிடும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடியை வேறொன்றுக்கு உபயோகப்படுத்தும் சாமர்த்தியத்தை நாம் அயலாரிடம் கற்கவும் வேண்டாம். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்கிறவர்கள், கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வர்ணக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைக்கிறார்கள். தீயும் இல்லை, மெருகுக் கல்லும் இல்லை. தகட்டைப் பிரிக்கும்போது கண்ணாடியின் வழவழப்பு கல்லுக்கு வந்துவிடுகிறது.

காரைக்குடி ‘பங்களா’, கானாடுகாத்தான் ‘விசாலம்’ என்ற விடுதிகளில் தங்க வருகிறவர்களைப் பார்க்கிறபோது, வீட்டையும் சாமானையும் ஒன்றாக வைத்துப் பிழைக்க வைக்கும் வழி ஒன்று இருப்பதும் தெரிகிறது. எல்லா வீடும் விடுதியாக முடியாது, ஆக வேண்டியதுமில்லை. முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் செட்டிநாட்டு வீடொன்றைப் பெயர்த்துக் கொண்டுபோய் மறுபடியும் எழுப்பியிருக்கிறார்கள். தங்களுக்கு வேண்டாததை அப்படிப்பட்ட இடத்துக்குத் தானமாகக் கொடுப்பதும் ஒரு வழி. பிறர் பழங்காகிதம் என்று எடைக்குப் போட்டதையெல்லாம் கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுதும் சேர்த்தார். 1992ல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரம் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. செட்டிநாட்டுக் கண்ணாடிக்கு அப்படியொரு மனிதர் இன்னும் வரவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஆச்சியின் கேள்வி நிற்கிறது. எனக்கு உறுத்தியது வேறு. ஐந்தொகையும் பேரேடும் பிசகாமல் எழுதி, ரங்கூன் கடையின் ஓரணா வட்டியைக்கூட விடாமல் கணக்கில் ஏற்றிய மரபு இது. கல்யாணத்துக்குக் கொடுத்த உப்புக் கிண்ணம் வரை முறைச்சிட்டையில் எழுதிய மரபு இது. அப்படியிருக்க, அந்த அலமாரியில் எத்தனை உருப்படி என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. எதை மாமியார் சீராகக் கொண்டுவந்தார், எது பொதுவில் வாங்கியது என்பதும் தெரியவில்லை. சீராக வந்தது அந்தப் பெண்வழிக்கு உரியது. பொதுவில் வாங்கியது எல்லாப் புள்ளிக்கும் உரியது. இந்த வித்தியாசம் தெரியாமல் விற்றால், கையில் வருகிற பணத்தைவிடப் பங்காளிகளுக்குள் மூளுகிற மனஸ்தாபம் அதிகமாக இருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு சுருக்கமானது. உறவில் ஒருவருக்கும் வேண்டாதது உண்மையிலேயே இருந்தால், அதைத் தாராளமாக விற்கலாம், அதில் பாபமில்லை. முழுத் தொகுதியாக விற்க வேண்டும். விளக்கைக் கூரையிலிருந்து இறக்கக் கூடாது. ஆனால் சிட்டை எழுதாமல் ஒரு கோப்பைகூட வாசற்படி தாண்டக் கூடாது.

அன்று பிற்பகல், வளவில் பாய் விரித்து, ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதத் தொடங்கினோம். மேல் தட்டு முடிவதற்குள் கோவிலுக்குப் போக நேரமாகிவிட்டது. நோட்டை அலமாரிக்குள்ளேயே வைத்துப் பூட்டினார் ஆச்சி. கீழ்த் தட்டுகள் மூன்று இன்னும் பாக்கி.