கூடாரத்தில் பிறக்கும் தலைவர்கள்

மே மாத விடுமுறை பிறந்துவிட்டால் திருப்பூரில் நம் இல்லங்களில் ஒரு கவலையும் பிறக்கிறது. தாயும் தந்தையும் பனியன் கம்பெனிக்குச் சென்றபின் பிள்ளை எங்கே இருப்பான்? 'பிசிறு வெட்டவாவது வரட்டுமே' என்று உடன் அழைத்துச் செல்வோரும் உண்டு.

சற்றே சிந்தியுங்கள். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் ஏறத்தாழ 20 சிறுவர்களைக் கூடாரங்களில் தங்க வைத்தார். செல்வந்தர் மக்களும் உழைப்பாளர் மக்களும் அங்கே ஒன்றாக இருந்தனர். அவர்களை 4 அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக்கினார். சாரணர் இயக்கம் அந்த முகாமிலிருந்து வளர்ந்ததுதான். நம் நாட்டில் 1950 நவம்பர் 7 அன்று உருவான பாரத சாரணர் இயக்கத்திலும் குருளையராகச் சேரும் பிள்ளை சாரணராகி, திரிசாரணராகி, பயிற்சி பெற்றுப் பிறரை வழிநடத்தும் ஆசிரியராகவும் உயரலாம்.

மதரஸாவின் கோடை வகுப்பிலும் இதையே காண்கிறேன். அன்று பாய் விரித்த சிறுவன், இன்று சிறார்களுக்கு அலிஃப், பா கற்பிக்கிறான். பொறுப்பை ஒப்படைத்தோம்; அவன் வளர்ந்தான்.

ஆகவே இந்த விடுமுறையில் பிள்ளையை ஒரு முகாமுக்கு அனுப்புங்கள். 'என்ன கற்றாய்?' என்று மட்டும் கேளாதீர்கள். 'உன்னிடம் என்ன பொறுப்புத் தந்தார்கள்?' என்றும் கேளுங்கள். நாளை அந்த முகாமை அவனே நடத்துவான், இன்ஷா அல்லாஹ்.