அறுபத்தொரு வயதில் ஓர் ஓட்டம்

ஓட்டப்பந்தயம் என்றதும் இளமையும் துள்ளலும் திரண்ட தசையுமே நம் நினைவுக்கு வருகின்றன. நூறு மீற்றர் ஓட்டத்துக்கு அவை வேண்டுவனவே. ஆயின், இரவு பகலாகப் பல நாள் ஓடவேண்டிய நெடும்பந்தயத்தில் வெற்றி யார் பக்கம் சாரும்? இவ்வினாவுக்கு 1983 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியக் கமக்காரர் ஒருவர் விடை தந்தார்.

கிளிஃப் யங் என்பது அவர் பெயர். 1922 இல் பிறந்த அவர், விக்டோரியா மாநிலத்தின் பீச் பொறஸ்ட் என்னும் ஊரில் உருளைக்கிழங்கு பயிரிட்டு வாழ்ந்தார். குடும்பப் பண்ணை ஏறக்குறைய 2,000 ஏக்கர், செம்மறிகளும் அத்தொகையினவே. புயல் வரும் வேளைகளில், நீண்ட றப்பர்ச் சப்பாத்தணிந்து இரண்டு மூன்று நாள் ஓடியே மந்தையைச் சேர்ப்பதுண்டு என்று அவர் கூறுவார். அவருக்கு வாய்த்த பயிற்சிக்களம் அதுவே.

முதன்முயற்சி வெற்றி தரவில்லை. 1982 இல் ஆயிரம் மைல் ஓட்டச் சாதனையை முறியடிக்க எண்ணிக் கோலக் நகரச் சதுக்கத்தில் ஓடத் தொடங்கினார். பாதித் தூரத்தைச் சற்றே கடந்து, 805 கிலோமீற்றரில் நிறுத்த நேர்ந்தது. வேறொருவராயின் வயதைக் காரணங்காட்டி ஒதுங்கியிருப்பார். அவரோ மறு ஆண்டே சிட்னியிலிருந்து மெல்பேணுக்கு ஓடும் 875 கிலோமீற்றர் போட்டியில் இறங்கினார். அது இருபது மரதன் ஓட்டங்களுக்கும் மேற்பட்ட தூரம்!

முதல் நாள் பெரும்பகுதியும் அவர் பின்தங்கியே இருந்தார். இரவானதும் ஏனையோர் உறங்கினர், அவர் ஓடினார். அன்றிரவே முன்னணியை அடைந்தவர் அதனைப் பின்னர் இழக்கவில்லை. 5 நாள், 15 மணி, 4 நிமிடத்தில் மெல்பேணை அடைந்தபோது, அடுத்தவர் ஏறத்தாழப் பத்து மணி நேரம் பின்னால் இருந்தார்.

இது மாயமன்று. கணக்கிட்டால், ஓய்வையும் சேர்த்து அவர் வேகம் மணிக்கு ஆறரைக் கிலோமீற்றரே. விரைந்து நடப்பவரின் வேகம். பாதத்தை அதிகம் உயர்த்தாது, நிலத்தை உரசுவதுபோல் அவர் ஓடினார். அதனால் உடலின் ஆற்றல் வீணாகவில்லை. மூட்டுகளிலும் அதிர்ச்சி குறைந்தது. பின்வந்த நெடுந்தூர வீரர் சிலர் இம்முறையைத் தாமும் கைக்கொண்டனர்.

பரிசாகக் கிடைத்த 10,000 டொலரையும் சக ஓட்டக்காரருக்குப் பகிர்ந்தளித்தார். அவர்களும் தம்மைப்போலவே பாடுபட்டவர்கள் என்பது அவர் கருத்து.

துவிச்சக்கரவண்டிக்கும் இந்நியதி பொருந்தும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா நகரில் 2006 இல் முப்பத்துநான்கு பேருடன் ஒரு சரளைப்பாதைப் பந்தயம் ஆரம்பமாயிற்று. தூரம் 200 மைல். அவ்வழியிலுள்ள கூரிய சக்கிமுக்கிக் கற்கள் டயர்களைக் கிழித்துவிடும். அங்கே வேகமாக மிதிப்பவரிலும், கல்லைப் பார்த்து மிதித்து, வேளைக்கு உண்டு நீரருந்தி, கிழிந்த டயரைப் பொறுமையோடு சீர்செய்பவரே ஊர் சேர்கிறார்.

1997 இல், எழுபத்தைந்து வயதில், வீடற்ற சிறுவருக்கு நிதி திரட்ட அவுஸ்திரேலியாவைச் சுற்றி ஓடப் புறப்பட்டார் யங். 6,520 கிலோமீற்றர் ஓடியபின், உடன் வந்த ஒரே துணையாளர் நோயுற்றமையால் ஓட்டத்தைக் கைவிட்டார். 2003 இல் காலமானார்.

மாணவர்களே! அவர் தொடங்கியவற்றுள் முடிந்தவையும் உண்டு, முடியாதவையும் உண்டு. 1982 இல் நின்றுபோன ஓட்டத்தோடு அவரும் நின்றிருந்தால், 1983 இன் வெற்றி இல்லை. ஒரு பரீட்சையில் தவறியவர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நன்று.