ஒகஸ்ட் மலைக்கு மார்ச்சில் இடம் பிடியுங்கள்

ஒகஸ்ட் முதலாம் திகதி அல்கொங்குவின் பூங்காவில் இறங்க விரும்பும் குடும்பம், மார்ச் முதலாம் திகதி காலை ஏழு மணிக்குக் கணினி முன்னால் இருக்க வேண்டும். ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களின் முகாம் தளங்களும் கபின்களும் இணையப் பதிவுக்குத் திறப்பது, போய்ச் சேரும் நாளுக்கு ஐந்து மாதம் முன்னர். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பள்ளிக்கூடம் விட்டபின் "இந்தமுறை எங்கேயாவது காட்டுப்பக்கம் போவமே" என்று வட்ஸ்அப் குழுவில் பேச்சு எழும்போது, ஏரிக்கரைத் தளங்களை மற்றவர்கள் எடுத்துப் பல மாதமாகியிருக்கும்.

பதிவு திறப்பது போய்ச் சேரும் நாளை வைத்துத்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. புதன்கிழமை போய் ஞாயிறுவரை தங்குகிறவர், வெள்ளிக்கிழமை போகிறவரைவிட இரண்டு நாள் முன்னதாகவே பதியலாம். வெள்ளி, சனி இரவுகளும் அவர் கையில் போய்விடும். வெள்ளிக்கிழமைக்கான பதிவு திறக்கும் காலையில் நீங்கள் காண்பது மிச்சத்தைத்தான். இதற்குக் குறுக்குவழி கிடையாது. வேலையிடத்தில் இரண்டு நாள் லீவு சொல்லி வாரத்தின் நடுவில் போவதே வழி. தவறவிட்டவர்களும் மனம் விட வேண்டியதில்லை. கடைசி நேரத்தில் விலகுகிறவர்களின் தளங்கள் திரும்பி வரும். இடம் காலியானால் அறிவிக்கும்படி பதிவு இணையத்தளத்தில் கேட்டு வைக்கலாம்.

அடுத்த சிக்கல் தலைக்கணக்கு. ஒரு தளத்தில் பொதுவாக ஆறு பேர்தான் தங்கலாம். நம்மவர் பயணமோ மாமி வீடு, சித்தப்பா வீடு, கூட்டாளியின் குடும்பம் என்று தொடங்கும்போதே இருபதைத் தொட்டுவிடும். அடுத்தடுத்த நான்கு தளங்களை ஒரே காலையில் பிடிப்பது லேசில்லை. ஆளுக்கொரு கணினியுடன் நான்கு பேர் உட்கார வேண்டும். சில பூங்காக்களில் பெரிய கூட்டங்களுக்கென்று குழுத் தளங்கள் தனியே உண்டு. எங்கே தங்கினாலும் பாட்டுப் பெட்டியின் சத்தம் பக்கத்துத் தளத்துக்குக் கேட்டால் காவலர் வருவார், இரவானாலும் பகலானாலும்.

சரி, மலை எங்கே? ரொறன்ரோவைச் சுற்றி நாம் ஊரில் அறிந்த அளவில் மலையே இல்லை. ஒன்ராறியோவின் மிக உயர்ந்த இடமான இஷ்பட்டினா முகடு 693 மீற்றர்தான். நுவரெலியா நகரம் இருப்பதே 1,868 மீற்றரில். ஆனாலும் மலை என்று மனதாரச் சொல்லக்கூடிய ஓரிடம் ஐந்து மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது: கிலார்னி. அங்குள்ள லா க்ளோஷ் மலைத்தொடர் 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான வெள்ளைக் குவார்ட்சைட் பாறை. ஒரு காலத்தில் உயர்ந்து நின்று, தேய்ந்து தேய்ந்து இன்று ஏறக்குறைய 540 மீற்றரில் நிற்கிறது அதன் சில்வர் பீக் உச்சி. 1930களில் மரம்வெட்டிகளிடமிருந்து அங்கே ஓர் ஏரியைக் காப்பாற்றப் போராடியவர் 'எழுவர் குழு' ஓவியர்களில் ஒருவரான ஏ.வை. ஜாக்சன். ஒன்ராறியோ ஓவியர் சங்கத்தின் பெயரால் அது இன்று ஓ.எஸ்.ஏ. ஏரி. அந்த நீரின் நீலத்தெளிவைப் பார்த்து வியக்காதவர் இல்லை. அதற்கு ஒரு காரணம் கசப்பானது: சட்பரி உருக்காலைகளின் கந்தகப் புகை அமில மழையாகப் பெய்து, பல ஏரிகளில் மீனையும் நுண்ணுயிரையும் அழித்தது. புகை குறைந்தபின் ஏரிகள் மெல்ல மீண்டு வருகின்றன.

அல்கொங்குவின் இன்னும் கிட்ட, சுமார் மூன்று மணி நேரம். 1893இல் அமைந்த இந்தப் பூங்கா ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீற்றர். யாழ் மாவட்டம் போல ஏழு உள்ளே அடங்கும். வெள்ளி பின்னேரம் 400ஆம் நெடுஞ்சாலையில் ஏறினால் அந்த மூன்று மணி ஐந்தாகும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

கூடாரம் அடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கு என் பரிந்துரை யேர்ட். மரச்சட்டத்தின் மேல் தடித்த துணி போர்த்திய வட்டக் குடில் அது. அல்கொங்குவின் மியூ ஏரியில் உள்ளவை ஆறு பேர் படுக்கக்கூடியவை. மின்சூடாக்கி இருப்பதால் குளிர்காலத்திலும் திறந்திருக்கும். மெத்தை இருக்கும், விரிப்பும் போர்வையும் நீங்கள் கொண்டுபோக வேண்டும். சமையல் வெளியே, அங்குள்ள எரிவாயு அடுப்பில்தான். மழை வந்தாலும் கரியடுப்பைக் குடிலுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ தூக்கிப் போகாதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, உறங்குகிறவர் எழவே மாட்டார்.

ஆர்.வி. என்னும் வீட்டுவண்டியை வாடகைக்கு எடுப்பவர்களின் முதல் கேள்வி சாரதி உரிமம். 11,000 கிலோவுக்குட்பட்ட வண்டிக்குச் சாதாரண ஜி உரிமமே போதும். ஆனால் வாடகை நிறுவனங்கள் வயது வரம்பு வைத்திருக்கும். உங்கள் காரின் காப்புறுதி இதற்கும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. நாள் வாடகையைப் பார்த்து மயங்காமல் கிலோமீற்றர் கட்டணத்தைக் கேளுங்கள். மாகாணப் பூங்காக்களில் மின்சாரம் உள்ள தளம் கிடைக்கும். தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் தளத்துக்கே வருவது அரிது. போகும்போது தண்ணீர் நிரப்பி, திரும்பும்போது அதற்கென்றுள்ள இடத்தில் கழிவுத் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். அந்த வேலை யாருடையது என்பதை வீட்டிலேயே முடிவு செய்வது நல்லது. குளிரூட்டியும் மைக்ரோவேவும் ரைஸ் குக்கரும் ஒன்றாக ஓடினால் மின்சாரம் தடைப்பட்டு நிற்கும்.

இனிச் சாப்பாடு. கறுத்த கரடிக்கு மூக்கு கூர்மை. ஆட்டிறைச்சிக் கறிச் சட்டியை மேசையில் விட்டுவிட்டுப் படுத்தால் அதற்கு நீங்களே அழைப்பு வைத்த மாதிரி. உணவு, குளிர்பெட்டி, குப்பை, பற்பசை எல்லாம் இரவில் காருக்குள் பூட்டப்பட வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்கூட வேண்டாம். பொதுக் குழாயடியில் சட்டி கழுவுவதும் ஏரியில் சவர்க்காரம் போட்டுக் குளிப்பதும் கூடாது. விறகை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம். ஆஷ் மரங்களை அழித்துவரும் மரகத வண்டு போன்ற பூச்சிகள் விறகோடுதான் ஊர்விட்டு ஊர் போகின்றன. வறண்ட கோடையில் நெருப்புத் தடை வந்தால் விறகடுப்பு கிடையாது. சின்ன எரிவாயு அடுப்பு ஒன்று கையில் இருக்கட்டும்.

தனியார் கொட்டேஜ் எடுத்தால் பதிவுச் சண்டை இல்லை. ஆனால் விளம்பரத்தில் உள்ள ஆள் எண்ணிக்கையை மீறாதீர்கள். அங்கே பெரும்பாலும் நகரச் சாக்கடை கிடையாது. நிலத்தடிக் கழிவுத் தொட்டி படுக்கையறைக் கணக்குக்கு அமைக்கப்பட்டது. எட்டுப் பேருக்கான வீட்டில் இருபது பேர் குளித்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

மே நடுப்பகுதியிலிருந்து யூன் முடிவுவரை கறுப்பு ஈயும் நுளம்பும் பிய்த்தெடுக்கும். தொழிலாளர் தினத்துக்குப் பிந்திய செப்ரெம்பர்தான் அருமையான காலம். இரவில் குளிரும், அவ்வளவே.

எந்த மாதம் போனாலும் ஏரியில் கவனம். மாகாணப் பூங்காக்களின் ஏரிக்கரைகளில் உயிர்காப்பாளர் இல்லை. நம்மில் நீந்தத் தெரியாத பெரியவர்கள் நிறையப் பேர். முழங்கால் அளவு என்று இறங்கும் இடம் இரண்டடி தள்ளி ஆழமாகலாம். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கும் மிதவை அங்கி வேண்டும். பல பூங்காக்களில் அதை இரவலாகத் தருகிறார்கள். பதிவு செய்யும்போதே விசாரித்து, போனவுடன் ஆளுக்கொன்று வாங்கி வையுங்கள்.