உங்களுக்குத் தெரியுமா? தெருவைத் தாண்டாத கேமராக்கள்

● ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதிலைப் பெயர்த்து, அந்தக் கற்களைக் கொள்ளிடத்துக் கீழணை கட்டக் கொண்டுபோனது 1836-இல். பாரிசில் டாகெரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். மூன்றே வருடம்! பழைய மதிலோடு நின்ற கோயிலுக்கு ஒரு படம்கூட இல்லை.

● முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர் பிராக் நகரத்துப் புகைப்படக்காரர் யோசெஃப் சுடெக். 1940 முதல் 1954 வரை அவர் திரும்பத் திரும்ப எடுத்தது தம் ஸ்டூடியோவின் ஜன்னலை. கண்ணாடியில் பனி படியும், மழை வழியும், வெளியே ஒரு கோணல் மரம் தெரியும். அவ்வளவுதான் சரக்கு! நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில் தெருவில் கேமராவோடு நடமாடுவது ஆபத்து என்பதால் ஜன்னலோரம் ஒதுங்கினார் என்பார்கள். போர் முடிந்த பிறகும் ஒன்பது வருடம் விடவில்லையே, அதற்கு என்ன சொல்வது?

● நியூயார்க்கின் சால் லைட்டர் 1952-இல் குடிபுகுந்த கட்டடத்திலேயே 2013-இல் இறக்கும்வரை இருந்தார். குடை, பனி, ஈரக் கண்ணாடி என்று சுற்றுவட்டாரத் தெருக்களையே வண்ணத்தில் எடுத்தார். அந்தப் படங்கள் புத்தகமாகிப் பெயர் வாங்கித் தந்தது 2006-இல். அப்போது வயது 80-ஐத் தாண்டிவிட்டது.

● பரோடா ஓவியர் ஜோதி பட், 1967-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் கிராமத்து வீட்டுச் சுவர்களையும் வாசல் கோலங்களையும் படமெடுத்தார். மாலைக்குள் கால்பட்டு அழியும் கோலத்துக்கு ஆயுள் கூட்டிய மனிதர். 2019-இல் பத்மஸ்ரீ.

● நம் பக்கத்து ஆளுக்கு வருவோம். மதுரை எம். பழனிகுமாரின் அம்மா மீன் வியாபாரி. கரிமேடு மீன் மார்க்கெட்டில் விடியுமுன்னே தொடங்கும் அம்மாவின் உழைப்பை மகன் வருடக்கணக்கில் படமெடுத்தார். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்க்கையைச் சொன்ன 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவும் இவர்தான். 2022-இல் ஹாசல்பிளாட் விருது பெற்ற புகைப்படக் கலைஞர் தயானிதா சிங், அதே ஆண்டு 'பாரி' இதழோடு சேர்ந்து ஆவணப் புகைப்பட விருது ஒன்றைத் தொடங்கினார். அதன் முதல் விருது பழனிகுமாருக்கு. பரிசைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு: துப்புரவுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து, அவரவர் தெருவை அவரவரே எடுக்கப் பழக்குகிறார்.

● அமெரிக்காவின் வில்லியம் கிறிஸ்டன்பெரி, அலபாமாவில் சொந்தக்காரர்கள் வாழ்ந்த ஹேல் வட்டாரத்துக்கு வருடம் தவறாமல் போய், அதே பழைய கட்டடங்களை அதே கோணத்தில் எடுத்தார். கட்டடம் இற்று விழுந்தாலும் போவது நிற்கவில்லை. பிறகு அவற்றைச் சின்ன மாதிரிகளாகச் செய்து, அலபாமாவின் செம்மண்ணைக் கொண்டுவந்து சுற்றிலும் கொட்டி வைத்தார்! நாமும் இப்படிச் செய்யலாம்: ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம், இன்றைய பொன்னேரி, நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது. கரையில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு ஐப்பசியிலும் சித்திரையிலும் எடுத்துப் பாருங்கள்.

● செல்போன் படத்துக்குள்ளேயே எடுத்த தேதியும் நேரமும் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அந்த விவரம் உதிர்ந்துவிடும், படமும் சுருங்கிவிடும். வருடக்கணக்கில் சேர்ப்பவர்கள் அசல் படத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.